றைது என்ற மொழியும் ஓர் ஒற்றும்

கனடாவில் இருக்கும் என் மச்சான் சென்ற மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தான். கோடிட்ட தாளொன்றில் நீலப் பேனையால் எழுதிய நான்கு வரிகள். தமிழா என்றால் தமிழில்லை. சிங்களமா என்றால் அதுவுமில்லை. கொக்கிகளும் சுழிகளும் புள்ளிகளுமாக, பொழுதுபோகாத பிள்ளையொன்று கிறுக்கியது போலிருந்தது. கைத்தொலைபேசியை எட்டிப் பார்த்த என் மனைவி, "இதென்ன, அவற்றை பேரப்பிள்ளை கீறினதோ?" என்று கேட்டார்.

நான் வாசித்துக்கொண்டிருந்தேன். 'இன்று கடல் அமைதி. நான் சந்தைக்குப் போகிறேன். வெளிச்சவீடு தெரிகிறது. நீ எப்போது வருவாய்?' இவ்வளவுதான் அந்த நான்கு வரிகளின் பொருள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகக் கண்ணிற் படாத எழுத்து, தடங்கல் எதுவுமின்றி விளங்கிற்று. மூன்றாவது வரியில் மட்டும் ஓர் எழுத்துப்பிழை. உடனே பதில் எழுதினேன்: 'மூன்றாம் வரியில் ஒற்று விடுபட்டிருக்கிறது.' சுகமாக இருக்கிறாயா, பிள்ளைகள் எப்படி என்று கேட்கவேண்டும் என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. முப்பது ஆண்டுகள் பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்கிப் பழகிய கைக்கு வேறு மரியாதை தெரியாது.

அந்த மொழியின் பெயர் றைது. அதை அறிந்தவர்கள் இந்த உலகத்தில் இருவர். அதன் இலக்கணம் பதினான்கு விதிகள் கொண்டது. அந்த விதிகள் எண்பது பக்கக் கொப்பியொன்றில் எழுதப்பட்டிருந்தன. கொப்பி இப்போது இல்லை. அது எவ்வாறு இல்லாமற் போயிற்று என்பதில் நான் வெகுகாலம் ஒரு பொய் சொல்லி வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

பருத்தித்துறையில் நாங்கள் வளர்ந்த ஒழுங்கையில் பிள்ளைகள் எல்லோருக்கும் ஏற்கெனவே ஓர் இரகசிய மொழி இருந்தது. 'க' பாஷை. தமிழ்நாட்டு நண்பர்களும் இதை அறிவார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு ககரம் சேர்க்கவேண்டும். 'வா' என்றால் 'கவா'. 'வீடு' என்றால் 'கவீகடு'. 'அம்மா' என்றால் 'கஅம்கமா'. இந்தக் கடைசிச் சொல்லை வாசகர்கள் கொஞ்சம் கவனிக்கவேண்டும். 'ம்' என்ற ஒற்றுக்கு முன்னால் ககரம் வரவில்லை. 'கஅகம்கமா' என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. கட்டளைக் கலித்துறை பாடும் புலவர் எழுத்தெண்ணும்போது ஒற்றை நீக்கித்தான் எண்ணுவார். எட்டு வயதுச் சிறுமி, யாப்பு என்ற சொல்லையே கேட்டிராதவள், கயிறடித்துக்கொண்டு அதே கணக்கைத் தவறாமற் போடுகிறாள். விளையாட்டு மொழிக்கும் இலக்கணம் உண்டு என்பதை நான் முதலில் உணர்ந்தது இங்கேதான். உணர்ந்தேன் என்று இப்போது சொல்கிறேன்; அப்போது உணர்ந்ததெல்லாம், அந்த மொழியில் இரகசியம் எதுவும் தங்காது என்பதைத்தான். பள்ளிக்கூட வாசலில் வடை விற்ற ஆச்சியிடம் கடன் சொல்லித் தப்புவது பற்றி நானும் மச்சானும் 'க' பாஷையில் ஆலோசித்தபோது, அவர் தாச்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ககாகசு கஎங்ககே?" என்று கேட்டார்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது, எங்களுக்கு வேறு மொழி வேண்டுமென்று. 1982ஆம் ஆண்டு. இருவருக்கும் பன்னிரண்டு வயது.

ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி சொல் வழங்குவதைத் தமிழிலக்கணம் புறக்கணிக்கவில்லை. நன்னூல் அதற்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, தகுதி வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாக வைத்தது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரைகாரர் காட்டும் உதாரணங்கள். கள்ளுக்குச் சொல்விளம்பி என்று பெயரிட்ட வேடன் யாரென்று தெரியவில்லை. ஒரு நாளிதழில் அவனுக்குத் தலைப்பெழுதும் வேலை கொடுத்திருக்கலாம். ஆனால் குழூஉக்குறியில் மாறுவது பெயர்கள் மாத்திரமே. வினையும் வேற்றுமையும் வாக்கியமும் தமிழாகவே இருக்கும். எங்களுக்கு அது போதவில்லை.

என் அப்பப்பாவின் அலுமாரியில் ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம் இருந்தது. எழுத்ததிகாரம், சொல்லதிகாரம், தொடர்மொழியதிகாரம் என்ற அதன் பகுப்பை அப்படியே களவெடுத்தோம். எழுத்ததிகாரத்தைப் புரட்டும்போதுதான் மச்சானுக்கு ஒரு யோசனை பிறந்தது. தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வர இடமில்லாத மெய்கள் எட்டு: ட, ண, ர, ல, ழ, ள, ற, ன. நம் நாட்டின் பெயருக்கே ஓர் இகரத்தை முன்னால் நிறுத்தி இலங்கை என்று எழுதுவது இதனாலேதான். "பாவமடா, இந்த எட்டையும் ஒருநாளும் முன்வாங்கிலை இருக்க விடுறாங்களில்லை" என்றான் அவன். வகுப்பில் அவன் இடம் கடைசி வாங்கு.

ஆகவே எங்கள் முதல் விதி: சொற்கள் எல்லாம் இந்த எட்டு மெய்களில் ஒன்றைக் கொண்டே தொடங்கவேண்டும். தமிழில் முதலாகும் எழுத்து எதுவும் எங்கள் மொழியில் முதலாகாது. 'துறை'யைத் திருப்பிப் போட்டோம், றைது வந்தது. கடல் 'ழமி'. வள்ளம் 'றாபி'. விளக்கு 'டோலு'. நான் 'ளோ', நீ 'ளீ'. பன்மைக்கு முதலெழுத்தை இரட்டிக்கவேண்டும், வள்ளங்கள் 'றாறாபி'. திணையும் பாலும் இல்லை. போனேன், போனாய், போனான், போனாள், போனார் என்ற அட்டவணையை மனனம் செய்து அடிவாங்கிய இருவர் செய்த மொழியில் வினைமுற்றுக்கு விகுதி இருக்குமென்று எதிர்பார்க்கக்கூடாது. போவதற்கு மூன்றே வடிவங்கள்: இறந்தகாலம் 'ணக', நிகழ்காலம் 'ணகி', எதிர்காலம் 'ணகு'. யார் போனாலும் இதுதான். முந்நூறு சொற்கள் வரை சேர்த்தோம் என்பது என் ஞாபகம்.

தமிழைத் தலைகீழாக்கி விட்டோம் என்ற பெருமிதத்தில் ஒன்றைக் கவனிக்கவேயில்லை. வினை வாக்கியத்தின் கடைசியில் நின்றது. அடைமொழி பெயருக்கு முன்னால் நின்றது. 'நான் கடலுக்குப் போகிறேன்' என்ற தமிழ் வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் எங்கள் சொல்லை இருத்தியிருந்தோம். ஆங்கிலத்தில் வினை நடுவே வரும் என்பதைப் பாடமாகவே படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, வேறு ஒழுங்கும் சாத்தியம் என்பது ஒருநாளும் தோன்றியதில்லை. கொப்பியின் பதினான்கு விதிகளில் சொல்லொழுங்கு பற்றி ஒரு விதியும் கிடையாது. தேவைப்படவில்லை.

எழுத்துக்கு வருவோம். தமிழெழுத்திலேயே எழுதினால் யாரும் வாசித்துவிடுவர் என்பதால் சொந்த வடிவங்கள் அமைக்கத் தொடங்கினோம். தமிழுக்கு 247 என்றால் எங்களுக்கும் 247 வேண்டுமென்று நான் நின்றேன். அறுபதாவது வடிவத்தோடு கற்பனை வற்றிப்போயிற்று. பிறகு முதலெழுத்து முப்பதுக்கு மட்டும் வடிவம் அமைத்து, உயிர்க்குறியை மெய்க்கு மேலே ஏற்றினோம். அந்த முப்பதும் இப்போதும் என் கையில் இருக்கின்றன. கூட்டங்களில் செய்தி சேகரிக்கும்போது பேச்சாளர் அலுப்புத் தட்டினால் குறிப்பேட்டின் ஓரத்தில் அவை தாமாகவே வந்துவிடும்.

பிணக்கு வந்தது வெளிச்சவீட்டால். பருத்தித்துறை முனையில் நிற்கும் வெளிச்சவீட்டை அறியாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. கடல் 'ழமி', விளக்கு 'டோலு' என்றால் வெளிச்சவீடு 'ழமி' கூட்டல் 'டோலு'. இருவருக்கும் உடன்பாடு. எழுதும்போது அது 'ழமிடோலு'வா, 'ழமிட்டோலு'வா?

கிளி கூட்டல் கூடு கிளிக்கூடு. பருத்தி கூட்டல் துறை பருத்தித்துறை. ஆகவே ஒற்று மிகவேண்டும் என்பது என் கட்சி. நாவலர் க, ச, த, ப நான்குக்கும்தானே அவ்வாறு சொல்கிறார் என்று மச்சான் கேட்டான். தமிழில் மொழிக்கு முதலாகும் வல்லினம் நான்குதான், அதனால் நான்கைச் சொன்னார். எங்கள் மொழியில் ட, ற இரண்டுக்கும் முதலிடம் கொடுத்திருக்கிறோம், வல்லினத்துக்குரிய உரிமையும் கொடுக்கத்தானே வேண்டும் என்று நான் வாதித்தேன். பன்னிரண்டு வயதுக்கு அது மோசமான வாதமில்லை என்று இன்றும் நினைக்கிறேன். அவன் பதில் எளிமையானது. "தமிழ் வேண்டாமெண்டுதானே இதைத் துவங்கினனாங்கள்? பிறகேன் அதின்ரை ஒற்றைக் கொண்டு வாறாய்? கதைக்கேக்கை ட் கேக்குதோ?"

எனக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. கடற்கரை வீதியில் நின்று இருவரும் மாறி மாறி அந்தச் சொல்லை உரக்கச் சொன்னோம். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். பேருந்து நிலையத்துப் பெயர்ப்பலகையைக் காட்டி, பருத்தித்துறையில் 'த்' இல்லையா என்று கேட்டேன். சனங்கள் சொல்வது பருத்துறை, பலகையில் இருப்பது பருத்தித்துறை, எழுத்துத்தான் சனங்களுக்குப் பின்னால் போகவேண்டும் என்றான். அதிலும் 'த்' இருக்கிறதே என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை; வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தோன்றியது. நல்ல பதில்கள் எல்லாம் எனக்கு அச்சுக்குப் போன பிறகு வருபவை. எங்களூரின் ஆங்கிலப் பெயர் இன்னும் வேடிக்கை. பாறைகளின் முனை என்ற பொருளில் போர்த்துக்கேயர் இட்ட பெயர், ஆங்கிலத்தில் பெட்ரோ என்ற ஓர் ஆளின் பெயராகிப் பொயின்ற் பீட்ரோ என்று நிலைத்துவிட்டது. எழுத்தை யார் எப்படிப் பிழையாக எழுதினாலும் ஊர் அங்கேயே கிடக்கிறது.

நான்கு நாட்கள் நாங்கள் பேசவில்லை. ஐந்தாம் நாள் கொப்பியில் நான் பதினோராம் விதியை எழுதினேன்: உயிரீற்றின் முன் டகர றகரம் மிகும். மறுநாள் கொப்பி திரும்பி வந்தபோது, அதன் கீழே அவனுடைய சாய்ந்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'மிகாதென்பாரும் உளர்.' உரையாசிரியர்களின் பாணியை அவன் எங்கே பிடித்தான் என்பது இன்றுவரை எனக்குப் புதிர்.

செயற்கை மொழிகள் உலகத்திலும் இப்படித்தான் பிணங்கினவா என்று அறியும் ஆவல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைத்துறை மாணவனாக இருந்த காலத்திலிருந்தே என்னைப் பிடித்துக்கொண்டது. கண்ட இடமெல்லாம் தேடி வாசித்தேன். ஜேர்மானியக் கத்தோலிக்கக் குரு ஒருவர், ஷ்லையர் என்பவர், 1879இல் தூக்கமில்லாத இரவொன்றில் இறைவன் தமக்கு இட்ட கட்டளை என்று சொல்லி வொலப்பூக் என்ற உலகமொழியைப் படைத்தார். (நாவலர் மறைந்ததும் அதே 1879 டிசம்பரில்தான். ஒரு தொடர்பும் இல்லை. பத்திரிகைக்காரனுக்கு ஆண்டுகள் பொருந்தினால் எழுதாமல் இருக்க முடியாது.) பத்தாண்டுக்குள் அது ஐரோப்பாவெங்கும் பரவிற்று. 1889இல் பரிஸ் நகரில் நடந்த மாநாட்டில் வந்தவர்கள் அந்த மொழியிலேயே பேசினர். பேசத் தொடங்கியதும் திருத்தம் கேட்டனர். இலக்கணத்தில் கடைசிச் சொல் யாருடையது, கழகத்துடையதா, படைத்தவருடையதா என்பது கேள்வி. தம்முடையது என்று ஷ்லையர் விடாப்பிடியாக நின்றார். சில ஆண்டுகளில் மொழி சிதறிப்போயிற்று.

எஸ்பெராண்டோ பிழைத்தது. வார்சோவில் 1887இல் சிறு புத்தகமொன்றைப் புனைபெயரில் வெளியிட்ட சமென்ஹோஃப் கண் வைத்தியர். அப்போது அவருக்கு வயது 27. பதினாறே விதிகள். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்பது அவர் கொள்கை. அதற்காக ஐந்து மெய்களுக்கு மேலே சிறு தொப்பி போட்டார். 'உ' ஒலிக்குரிய எழுத்தொன்றின் மேலே பிறைபோல் ஒரு வளைவு வைத்தார். அச்சகங்களில் அந்தத் தொப்பியெழுத்துகளுக்கு அச்சு இல்லை. இல்லாத இடத்தில் பக்கத்தில் ஓர் 'எச்' போட்டுக்கொள்ளலாமென்று அவரே வழிவிட்டார். தொப்பிகளைக் கழற்றிவிடுங்கள் என்று ஒரு கூட்டம் கேட்டது. 1894இல் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் மாற்றம் வேண்டாமென்றனர். 1907இல் தொப்பி கழற்றியவர்கள் பிரிந்துபோய் இடோ என்று தனிமொழி நடத்தினார்கள். தொப்பியோடு இருந்ததுதான் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் நான் மதிப்பது வேறொன்றை. முதற் புத்தகத்திலேயே சமென்ஹோஃப், சர்வதேச மொழி எல்லோருக்கும் பொதுவான சொத்து, எனக்கு அதில் தனியுரிமை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வயதில் அதை வாசித்திருந்தால் பதினோராம் விதியை விட்டுக் கொடுத்திருப்பேனா என்றால், மாட்டேன்.

பிற்காலத்தில் என் தொழிலே இந்தப் பிணக்காகிவிட்டது. ஆங்கிலத்து 'ரி' ஒலியை நாங்கள் ரகரத்தால் எழுதுகிறோம். தமிழகத்தார் டகரத்தால் எழுதுகிறார்கள். மச்சான் வாழும் நகரம் எனக்கு ரொறன்ரோ, சென்னைப் பத்திரிகைகளுக்கு டொரண்டோ. இரண்டையும் அந்த நகரத்தான் வாசித்தால் தன் ஊரென்று அறிவானா என்பது சந்தேகமே. நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு செய்தியில் 'இந்தட் டாக்டர்' என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் அந்த ஒற்றைச் சிவப்புப் பேனையால் அடித்துவிட்டு, "தம்பி, டகரத்துக்கு முன்னாலை ஒற்று மிகாது. இது எங்கை படிச்சது?" என்று கேட்டார். எங்கே படித்தேன் என்று சொல்லக்கூடிய நிலையில் நான் இல்லை. பத்து வருடம் கழித்து ஆசிரியரே மச்சான் பக்கம் சாய்ந்துவிட்டதை அவனுக்கு நான் எழுதி அறிவிக்கவுமில்லை.

கணினி வந்த பிறகு தமிழே ஒரு செயற்கை மொழியாய்த் தோன்றிய காலமொன்று இருந்தது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல்லைத் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகளாக நிற்கும். எங்கள் அலுவலகத்துப் பக்கவடிவமைப்பாளர் அதை எழுத்துரு மாற்றாமலே தமிழாக வாசிப்பார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு றைது நினைவு வரும். யுனிகோட் வந்தது, அந்தத் திறமைக்கு வேலை இல்லாமற் போயிற்று.

சென்ற மாதம் மச்சானுக்கு றைது நினைவு வந்ததற்குக் காரணம் அவன் பேத்தி. பாகுபலி படம் பார்த்த பிள்ளை, காலகேயர் பேசுவது என்ன பாஷை என்று கேட்டிருக்கிறது. 2015இல் வந்த அந்தப் படத்துக்காக மதன் கார்க்கி அமைத்த கிளிக்கி மொழிக்கு எழுநூற்றைம்பது சொற்களும் நாற்பது இலக்கண விதிகளும் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதன் மூலம் அதற்கும் முந்தியது. கார்க்கி அவுஸ்திரேலியாவில் படித்த காலத்தில் பிள்ளைகளோடு விளையாட்டாகச் செய்த சிறு மொழி அது. நான் 'மின்', நீ 'நிம்'. ஒன்றைத் திருப்பினால் மற்றது. துறையைத் திருப்பிய எங்களுக்கு இந்த அழகு தோன்றாமற் போயிற்றே என்று எனக்குச் சிறு பொறாமை. 2020இல் அவர் அதற்குத் தனி எழுத்தும் அமைத்து இணையத்தில் எல்லோரும் கற்கும்படி வெளியிட்டார். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனும் சிறுவயதில் இரண்டு மச்சாள்மார் செய்த விலங்கு மொழியில் தொடங்கி, பிறகு அவர்களில் ஒருத்தியோடு சேர்ந்து வேறொன்றைச் செய்தவர்தான். 1931இல் அதைப் பற்றி உரையாற்றியபோது, தமக்கிருந்த இரகசியமான கெட்ட பழக்கம் என்று அதை வர்ணித்தார். ஆக, மச்சான் மச்சாள் இல்லாமல் இந்தத் தொழில் தொடங்குவதில்லை போலும். "தாத்தாவும் ஒரு பாஷை செய்தவர்" என்று மச்சான் பேத்தியிடம் சொல்ல, "எழுதிக் காட்டுங்கோ" என்று பிள்ளை கேட்க, எழுதிய நான்கு வரியைத்தான் எனக்கும் அனுப்பியிருக்கிறான்.

இனி அந்தக் கொப்பி.

1986இல் மச்சான் வெளிநாடு போனான். போகும் அன்று கொப்பியை என் கையில் தந்து, "ஒளிச்சு வை" என்றான். மறுவருடம் மே 26ஆந் திகதி வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. எனக்குப் பதினேழு வயது. அந்த நாட்களில் என் வயதொத்தவர்களை நூற்றுக்கணக்கில் பிடித்துக் கப்பலேற்றிக் காலிக்குக் கொண்டுபோய்ப் பூசா முகாமில் அடைத்தார்கள். வீட்டிலிருந்து கோயிலுக்குப் போவதற்காக அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என் புத்தகங்களை ஒதுக்கும்போது கொப்பி அவர் கையில் அகப்பட்டது. விரித்துப் பார்த்தார். பக்கம் பக்கமாக யாருக்கும் விளங்காத எழுத்து.

"இதென்னடா?"

"விளையாட்டு, அம்மா."

"ஆமிக்காரன் கேட்டா விளையாட்டெண்டோ சொல்லுவாய்?"

யோசித்துப் பார்த்தேன். சங்கேத மொழியில் எண்பது பக்கம். பதினேழு வயதுப் பெடியன். ழமி என்றால் கடல், றாபி என்றால் வள்ளம், டோலு என்றால் விளக்கு. கடற்கரையூரில் இந்த மூன்று சொல்லுக்கும் இரகசியப் பெயர் வைத்திருப்பவன் விளையாடுகிறான் என்று யார் நம்புவார்? அம்மா உரப்பையொன்றை எடுத்து வந்தார். கொப்பியை அதற்குள் வைத்துச் சுற்றிக் கட்டி, கிணற்றடி வாழைக்குக் கீழே தாட்டுவிடச் சொன்னார். "பேந்து எடுக்கலாம். பெடியன் வந்து கேப்பான்."

பெடியன் என்றது மச்சானை.

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். மண் இறுகிக் கிடந்தது. தாட்ட இடம் புதுமண்ணாகத் தெரியும், தோண்டிப் பார்ப்பார்கள் என்ற பயம் பிடித்தது. திரும்பிக் குசினிக்கு வந்து, அம்மா காணாத நேரம், அடுப்பில் வைத்தேன். பக்கம் பக்கமாகக் கிழித்து வைத்தேன். முழுக் கொப்பி சீக்கிரம் எரியாது. அம்மா வந்து பார்த்தபோது மட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டோம்.

சமென்ஹோஃப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் 1879இல் மொஸ்கோவுக்கு வைத்தியம் படிக்கப் போனபோது, பள்ளிக்கூட நாளில் அமைத்த மொழியின் குறிப்புகளைத் தகப்பனாரிடம் விட்டுப் போனாராம். மகன் இல்லாத வேளையில் தகப்பனார் அவற்றை எரித்துவிட்டார் என்று சொல்வார்கள். தகப்பனார் தணிக்கையாளராக வேலை பார்த்தவர். விளங்காத மொழியில் எழுதிய தாள்கள் ஒரு மாணவனிடம் அகப்பட்டால் பொலிஸ் என்ன நினைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் பயந்தது வீணுமில்லை. பின்னாளில் ஸ்டாலின் காலத்தில் எஸ்பெராண்டோ படித்தவர்கள் சிறைப்பட்டனர், சுடப்பட்டனர். ஊர் திரும்பிய சமென்ஹோஃப் எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினார். இந்தக் கதையை வாசித்த அன்றிரவு நான் அதிகம் தூங்கவில்லை. என் கதையில் தகப்பன் இல்லை, எரித்தவன் நான். ஆனால் அதற்கு முன்பே மச்சானுக்கு நான் எழுதிவிட்டிருந்தேன், அம்மா பயத்தில் எரித்துவிட்டா என்று.

ஏன் அப்படி எழுதினேன்? ஒரு தாய் பயந்தது எல்லோருக்கும் விளங்கும் என்று எண்ணியிருப்பேன். ஒளித்து வைக்கச் சொல்லித் தந்ததை அவன் ஊரைவிட்டுப் போன மறுவருடமே நான் நெருப்பில் போட்டேன் என்று எழுதக் கை வரவில்லை.

2003இல், சமாதான காலத்தில், ஏ9 பாதை வழியாக மச்சான் ஊருக்கு வந்தான். அம்மா அவனுக்குப் புட்டும் மீன்குழம்பும் பரிமாறினார். சாப்பிட்டுக்கொண்டே, "மாமி எல்லே என்ரை கொப்பியை அடுப்புக்குள்ளை வைச்சவ" என்று சிரித்தான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, "ஓமடா, புட்டவிக்க விறகு காணேல்லை" என்று சொல்லிவிட்டு இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினார். ஆறு வருடம் கழித்து அம்மா காலமானார். இதுபற்றி அவரிடம் நான் ஒருநாளும் பேசவில்லை.

படம் வந்த மறுநாள் மச்சான் தொலைபேசியில் வந்தான். ஒற்று பற்றிச் சண்டை பிடிக்கத்தான் எடுத்தான். "எங்கையடா ஆதாரம்? கொப்பியைக் காட்டு பாப்பம்" என்றான். அவ்விடத்தில் என்னால் மேற்கொண்டு வாதிக்க முடியவில்லை. கிணற்றடி, இறுகிய மண், அடுப்பு, பக்கம் பக்கமாகக் கிழித்தது, எல்லாம் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"தெரியும்" என்றான். "88இலை மாமி கடிதம் எழுதினவ. தாக்கச் சொன்னனான், பயத்திலை எரிச்சுப்போட்டான், அவனைப் பேசிப்போடாதை எண்டு."

"பேந்தேன் அண்டைக்குச் சாப்பாட்டிலை..."

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தன்."

முப்பத்தேழு வருடம் மூவரில் இருவர் அறிந்திருந்ததை நான் மட்டும் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். மச்சான்தான் பேச்சை மாற்றினான். பேத்தி புதுக் கொப்பி வாங்கி வைத்திருக்கிறதாம். ஞாபகத்திலுள்ள விதிகளை இருவரும் ஒருவரையொருவர் கேளாமல் தனித்தனியே எழுதுவோம், ஒப்புநோக்குவோம் என்றான்.

சென்ற கிழமை எழுதி முடித்துப் படமெடுத்து அனுப்பினேன். அவனுடையதும் வந்து சேர்ந்தது. பதினான்கில் ஒன்பது விதிகள் இருவரிடமும் ஒத்திருக்கின்றன. இரண்டு எனக்கு மட்டும் ஞாபகம். ஒன்று அவனுக்கு மட்டும். பதின்மூன்றாவது என்னவென்று இருவருக்கும் தெரியவில்லை. எதிர்மறை வினையைப் பற்றியதாக இருக்கலாம் என்பது என் ஊகம், வேற்றுமை பற்றியது என்பது அவன் ஊகம். பதினோராம் விதியில், 'டகர றகரம் மிகும்' என்று நான் எழுதி, அவன் அன்று எழுதியதையும் மறக்காமல் அதன் கீழே சேர்த்திருந்தேன். அவன் தாளில் 'மிகாது' என்றிருக்கிறது. அதற்குக் கீழே, அதே சாய்ந்த எழுத்தில்: 'மிகுமென்பான் ஒருவன் உளன்.'